எழுதப்பட்ட செலவும் எழுதப்படாத செலவும்: இந்திய மனித விண்பயணம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மனிதரை விண்வெளிக்கு அனுப்புவது, அதற்காகும் பொருட்செலவுக்கும் உயிரிடருக்கும் தகுமா என்னும் வினா இந்தியாவில் 1960களிலிருந்து எழுப்பப்பட்டு வருகிறது. பெரும்பாலும் அது பணக்கணக்காகவே விவாதிக்கப்பட்டுள்ளது. விக்ரம் சாராபாய் மனித விண்பயணத்தை இலக்காகக் கொள்ள மறுத்த காலந்தொட்டு ககன்யான் திட்டம் வரையிலான வரலாற்றைச் செலவு, மாற்றுவழி, இடர் என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. கணக்கில் எழுதப்படாத செலவு மறைந்துவிடுவதில்லை, பின்னர் வேறொருவர்மேல் ஏற்றப்படுகிறது என்பது திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் நொய்யலின் வழியே பெற்ற பட்டறிவு. அப்பட்டறிவு இவ்வாய்வின் நோக்குமுறையாகக் கொள்ளப்படுகிறது. ககன்யானின் காலத்தாழ்வும் செலவு உயர்வும் பெருமளவில் உயிரிடரைக் கணக்கில் எழுதியதன் விளைவுகள் என்பதும், திட்டத்தின் தகுதி அக்கணக்கை இறுதிவரை மறைக்காமல் எழுதுவதைப் பொறுத்தது என்பதும் கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச் சொற்கள்: மனித விண்பயணம், ககன்யான், சாராபாய், மகேந்திரகிரி, உயிரிடர், திருப்பூர், நொய்யல்.

முன்னுரை

வளரும் நாடொன்று விண்வெளிக்குச் செலவிடலாமா என்னும் கேள்விக்கு இந்தியா ஏறத்தாழ விடை கண்டுவிட்டது. புயல் எச்சரிக்கை, தொலைத்தொடர்பு, பயிர்ப்பரப்பு மதிப்பீடு, மீன்வள அறிவிப்பு ஆகியவற்றில் செயற்கைக்கோள்களின் பயனை இன்று மறுப்பார் அரிது. ஆனால் செயற்கைக்கோளை அனுப்புவது வேறு. மனிதரை அனுப்புவது வேறு. முன்னதன் தோல்வியில் இழப்பது பொருள். பின்னதன் தோல்வியில் இழப்பது உயிர். முன்னதன் பயன் நேரடியாக மக்களை அடைகிறது. பின்னதன் பயன் எது என்பதே இன்னும் விவாதத்திற்குரியதாக உள்ளது. ஆகவே செயற்கைக்கோள்கள் ஈட்டிய நற்பெயரை மனித விண்பயணத்திற்கும் உரியதாகக் கொள்வது முறையன்று. அதன் தகுதி தனியே ஆராயப்பட வேண்டும்.

இவ்வாய்வுக்கு வெறும் தொகை ஒப்பீடு போதாது. செலவு எவ்வளவு என்பதோடு, அச்செலவை ஏற்பவர் யார், இடரைத் தாங்குபவர் யார், முடிவெடுப்பவர் யார் என்பவையும் கேட்கப்பட வேண்டும். இவ்வகைக் கணக்குமுறையைத் தமிழ்நாட்டில் கசப்பான பட்டறிவின் வழியே கற்ற ஊர்களுள் திருப்பூர் முதன்மையானது. எனவே இக்கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது.

1. திருப்பூரின் கணக்குமுறை

திருப்பூர் மாநகரின் ராயபுரம், பின்னலாடைத் தொழிலோடு வாழ்வு பிணைந்த பகுதிகளுள் ஒன்று. இத்தகைய பகுதிகளில் ஓர் ஆடைக்கு விலை குறிப்பது தனித் திறனாக மதிக்கப்படுகிறது. நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்கிடப்பட்டு, காசு வரை கூட்டப்பட்டு, வெளிநாட்டுக் கொள்முதலாளருக்கு விலை அனுப்பப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைக் கடந்து நிற்பதற்கு இந்நுண்கணக்கும் ஒரு காரணமாகும்.

ஆயினும் இக்கணக்கில் நெடுங்காலம் ஒரு வரி விடுபட்டிருந்தது. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற மிகுதியான உப்பு தேவை. துணியில் சாயம் பிடித்தபின் அவ்வுப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல் அக்கழிவைச் சுமந்தது. பாசனத்திற்காக ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1992ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கீழ்ப்பகுதி உழவர்களின் கிணறுகளும் நிலங்களும் உவர்ப்பேறின. ஆடையின் விலையில் எழுதப்படாத செலவை, ஆடை வணிகத்தில் எப்பங்கும் இல்லாத உழவர்கள் ஏற்றனர்.

உழவர்களின் நெடிய சட்டப் போராட்டத்தின் பயனாக, கழிவுநீரைச் சிறிதும் ஆற்றில் விடாத நிலையை எய்த வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட ஆணை பிறந்தது. அதன் பின்னரே எதிர்ச் சவ்வூடுபரவல் முறையும் ஆவியாக்கிகளும் கொண்டு நீரையும் உப்பையும் மீட்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவலாக இயங்கத் தொடங்கின. சாயக் கூலி உயர்ந்தது. புதிதாகத் தோன்றியது போலக் காணப்பட்ட அச்செலவு, உண்மையில் முன்பே இருந்ததுதான். கணக்கேட்டில் அப்போதுதான் எழுதப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு அளவுகோல்களைப் பெறலாம். ஒன்று, குறைந்த விலை காட்டப்படும் இடத்தில் விடுபட்ட வரி எது எனக் கேட்பது. மற்றொன்று, விலை உயரும்போது அது வீணடிப்பா, விடுபட்ட வரியைச் சேர்த்ததன் விளைவா எனப் பிரித்தறிவது. மனித விண்பயண வரலாற்றை ஆராய இவ்விரண்டும் துணைபுரிகின்றன.

2. சாராபாய் விலக்கிய இலக்கு

1963 நவம்பர் 21ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டபோது, சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் மனிதரை விண்ணுக்கு அனுப்பி இரண்டாண்டுகள் கடந்திருந்தன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) 1969 ஆகஸ்டு 15 அன்று தோன்றியது. அதற்கு முந்தைய மாதத்தில்தான் அப்பல்லோ 11 பயணிகள் நிலவில் கால் பதித்திருந்தனர். உலகமே மனித விண்பயணத்தில் மயங்கியிருந்த காலத்தில் இந்திய விண்வெளித் திட்டம் உருவானது என்பது நோக்கத்தக்கது.

அத்தகைய சூழலில் விக்ரம் சாராபாய் எடுத்த நிலைப்பாடு தெளிவானது. நிலவையும் கோள்களையும் ஆராய்வதிலோ மனிதரை விண்ணுக்கு அனுப்புவதிலோ வளமிக்க நாடுகளோடு போட்டியிடும் கற்பனை இந்தியாவிற்கு இல்லை என்றும், மக்களின் உண்மையான சிக்கல்களுக்கு உயர்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் யாருக்கும் பின்தங்கக்கூடாது என்பதே நோக்கம் என்றும் அவர் வலியுறுத்தினார். இந்நிலைப்பாடு இன்று பெரும்பாலும் இந்திய விண்வெளித் திட்டத்திற்கான ஆதரவுரையாகவே எடுத்தாளப்படுகிறது. அதில் மனித விண்பயணம் பெயர் சுட்டியே விலக்கப்பட்டிருப்பது போதிய கவனம் பெறுவதில்லை.

சாராபாயின் மறுப்பு வறுமையால் எழுந்த தயக்கம் மட்டுமன்று. அது ஒரு தேர்வுமுறை. எத்திட்டமாயினும் மக்களின் எச்சிக்கலைத் தீர்க்கிறது என்னும் வினாவுக்கு விடை தர வேண்டும் என்பது அதன் உள்ளுறை. 1975–76ஆம் ஆண்டுகளில் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே கல்வி ஒளிபரப்பை வழங்கிய சைட் திட்டம் இத்தேர்வில் வென்றது. அதன்பின் வந்த இன்சாட், தொலையுணர்வுச் செயற்கைக்கோள் வரிசைகளும் வென்றன. 1999ஆம் ஆண்டின் ஒடிசாப் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு அதே கடற்கரையைத் தாக்கிய பைலின் புயலில் உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்தது. புகலிடங்கள், மக்களை வெளியேற்றும் நிர்வாகம் ஆகியவற்றோடு செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்புக்கும் இதில் பங்குண்டு. மனித விண்பயணம் இத்தகைய விடையொன்றை அன்றும் தரவில்லை.

3. இரு வாய்ப்புகள்: 1984, 1986

சாராபாய் 1971 டிசம்பரில் மறைந்தார். அவர் விலக்கிய இலக்கு, வேறு நாடுகளின் அழைப்பு வடிவில் இந்தியாவை வந்தடைந்தது. 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 விண்கலத்தில் சல்யூட் 7 நிலையத்திற்குச் சென்று ஏறத்தாழ எட்டு நாட்கள் விண்வெளியில் இருந்தார். ஏவூர்தியும் விண்கலமும் விண்நிலையமும் சோவியத் ஒன்றியத்தினுடையவை. இந்தியா அவற்றை உருவாக்கவேண்டிய செலவு எழவில்லை. புவிப்பரப்பைப் படமெடுத்தல், எடையற்ற நிலையில் யோகப் பயிற்சியின் விளைவை அறிதல் முதலிய ஆய்வுகள் நிகழ்ந்தன. அவற்றினும் மேலாக மக்கள் நினைவில் நிலைத்தது அப்பயணம் தந்த பெருமிதமே.

இப்பயணத்தின் இடர் அக்காலத்தில் இந்தியாவில் பேசுபொருளாகவில்லை. சர்மாவுடன் பயணம் செய்த விண்கலப் பொறியாளர் கென்னடி ஸ்ட்ரெகலோவ், அதற்கு ஆறு மாதங்களுக்கு முன் 1983 செப்டம்பர் 26 அன்று, ஏவுதளத்திலேயே தீப்பற்றி வெடித்த ராக்கெட்டிலிருந்து தப்பியவர். ராக்கெட்டின் உச்சியில் இருந்த தப்பிப்பு அமைப்பு, வெடிப்புக்குச் சில நொடிகளுக்கு முன் கலத்தை இழுத்துச் சென்று காத்தது. அதே வகை ராக்கெட்டிலேயே இந்தியர் ஒருவர் விண்ணுக்குச் சென்றார். செலவற்றதாகத் தோன்றிய அப்பயணத்தின் விடுபட்ட வரி இதுவே. அதற்கான விலையைத் தப்பிப்பு அமைப்பை உருவாக்கிச் சோதித்த சோவியத் பொறியாளர்கள் முன்பே செலுத்தியிருந்தனர்.

இரண்டாம் வாய்ப்பு அமெரிக்காவிடமிருந்து வந்தது. இன்சாட்-1சி செயற்கைக்கோளை விண்ணோடத்தில் ஏவும்போது இந்தியர் ஒருவரும் உடன்செல்வதாகத் திட்டமிடப்பட்டு, இஸ்ரோவின் என்.சி. பட், பி. ராதாகிருஷ்ணன் ஆகிய இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஓடம் வெடித்து எழுவர் மாண்டனர். குளிரில் ரப்பர் வளையங்கள் இறுக்கம் இழக்கும் எனப் பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்திருந்தனர். ஏவும் நாள் அந்த எச்சரிக்கையை வென்றது. ஏறும்போது பயணிகளைப் பிரித்துக் காக்கும் தப்பிப்பு அமைப்பு அவ்வோடத்தில் இல்லை. இந்தியரின் பயணம் கைவிடப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்தது இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. இன்சாட்-1சி 1988ஆம் ஆண்டு ஆளில்லாத ஏரியேன் ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றது. செயற்கைக்கோளை நிலைநிறுத்த மனிதர் உடன்செல்ல வேண்டிய தேவை தொடக்கத்திலிருந்தே இல்லை என்பதை இது மெய்ப்பித்தது. விண்ணோடத் திட்டம் 135 பயணங்களோடு 2011இல் நிறைவுற்றபோது, இரு ஓடங்களும் 14 உயிர்களும் இழக்கப்பட்டிருந்தன. அவ்விரண்டாம் விபத்தில், 2003 பிப்ரவரி 1 அன்று, கொலம்பியா ஓடத்தில் மாண்டவர்களுள் ஹரியானாவில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். அவர் நினைவாக இந்தியா தன் வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 எனப் பெயரிட்டது. மனித விண்பயணத்தில் மாண்டவரின் பெயரை, சாராபாயின் தேர்வில் வென்ற ஆளில்லாக் கலம் ஒன்று தாங்கியது.

4. விலக்கிய இலக்கு ஏற்கப்பட்ட வரலாறு

2006 நவம்பரில் இஸ்ரோ கூட்டிய அறிவியலாளர் கூட்டம் மனித விண்பயணத்திற்கு ஆதரவு தெரிவித்தது. 2007 ஜனவரியில் 550 கிலோ எடையுள்ள எஸ்ஆர்இ-1 கலம் சுற்றுப்பாதையில் இருந்து வங்கக்கடலில் பாதுகாப்பாக இறக்கப்பட்டது. 2014 டிசம்பரில் ஆளில்லாப் பயணிக்கலம் ஒன்று எல்விஎம்3 ராக்கெட்டின் முதல் சோதனைப் பறப்பில் ஏவப்பட்டு அந்தமான் அருகே மீட்கப்பட்டது. 2018 ஜூலை 5 அன்று ஏவுதளத் தப்பிப்புச் சோதனை ஸ்ரீஹரிகோட்டாவில் வெற்றிபெற்றது. ஸ்ட்ரெகலோவைக் காத்த அமைப்பை ஒத்த ஒன்றை இந்தியா சொந்தமாகச் சோதித்த நாள் அது. அதற்கு அடுத்த மாதம், விடுதலை நாள் உரையில், 2022ஆம் ஆண்டுக்குள் இந்தியர் விண்ணுக்குச் செல்வர் எனப் பிரதமர் அறிவித்தார். அவ்வாண்டின் இறுதியில் மத்திய அமைச்சரவை 9,023 கோடி ரூபாயில் ககன்யானுக்கு ஒப்புதல் அளித்தது.

2024 செப்டம்பரில் திட்டத்தின் எல்லை விரிவாக்கப்பட்டு, இந்திய விண்நிலையத்தின் முதல் அலகையும் உள்ளடக்கி, மொத்த மதிப்பீடு 20,193 கோடி ரூபாயாக உயர்ந்தது. 2035இல் விண்நிலையம், 2040இல் இந்தியர் நிலவில் தரையிறங்குதல் என்னும் இலக்குகளும் வகுக்கப்பட்டுள்ளன. மனிதர் செல்லும் முதற்பயணம் 2022லிருந்து 2027க்குத் தள்ளப்பட்டது.

இத்தொகையை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் விவாதங்கள் பெரும்பாலும் தவறுகின்றன. நாட்டின் மக்கள்தொகையால் வகுத்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 144 ரூபாய், அதாவது ஒரு பனியனின் விலையளவு வரும். திருப்பூரின் ஓராண்டு ஏற்றுமதியோடு ஒப்பிட்டாலும் அது குறைவே. இவ்வொப்பீடுகள் திட்டத்தைச் சிறிதாகக் காட்டுகின்றன. ஆனால் ஏற்றுமதி வருவாய் வணிகர் ஈட்டுவது. ககன்யான் செலவு அரசுக் கருவூலத்திலிருந்து வருவது. மேலும், இத்தொகையின் உண்மையான போட்டியாளர் நாட்டின் வரவுசெலவு முழுவதும் அன்று. விண்வெளித் துறையின் சொந்த வரவுசெலவே. 2025–26ஆம் ஆண்டில் அத்துறைக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 13,400 கோடி ரூபாய். ககன்யானின் மொத்த மதிப்பீடு அதன் ஒன்றரை மடங்கு. 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டச் செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். அக்கணக்கில் ககன்யான் தொகை முப்பதுக்கும் மேற்பட்ட சந்திரயான்களுக்கு ஈடாகும். 2025 ஜூன் மாதம் சுபான்ஷு சுக்லா ஆக்சியம்-4 பயணத்தில் பன்னாட்டு விண்நிலையம் சென்றுவர இந்தியா செலவிட்டது ஏறத்தாழ 550 கோடி ரூபாய். ஒரு மனிதரின் ஓர் இருக்கைக்கான செலவு, ஒரு நிலவுத் தரையிறக்கத்தின் செலவை நெருங்கியது.

ஆகவே ஏழை நாட்டுக்கு இது பெருஞ்செலவு என்னும் வாதமும், நாட்டின் அளவுக்கு இது சிறுதொகை என்னும் வாதமும் ஒருசேரப் பிழைபட்டவை. கேட்கப்பட வேண்டியது, சாராபாயின் தேர்வில் வென்ற பணிகளுக்கான நிதியும் பொறியாளரும் இதனால் குறைகின்றனரா என்பதே.

5. மகேந்திரகிரியும் உடைந்த ஊசியும்

செலவு ஏன் உயர்ந்தது, காலம் ஏன் தாழ்ந்தது என்பதற்கான விடையின் ஒரு பகுதி தமிழ்நாட்டிலேயே உள்ளது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் அமைந்த இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் எல்விஎம்3 ராக்கெட்டின் திரவ எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. செயற்கைக்கோளைச் சுமக்கும் எஞ்சின் மனிதரைச் சுமக்கவும் தகுதிபெற, அது பறக்கும்போது சந்திக்க வாய்ப்பில்லாத நிலைகளிலும், இயல்பு நேரத்தைக் கடந்தும் எரித்துப் பார்க்கப்பட வேண்டும். விகாஸ் எஞ்சின் 2021 ஜூலையில் 240 நொடிகளும், கிரையோஜெனிக் சிஇ-20 எஞ்சின் 2022 ஜனவரியில் 720 நொடிகளும் தொடர்ந்து எரிக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் சிஇ-20 மனிதத் தகுதிச் சோதனைகள் நிறைவுற்றபோது, நான்கு எஞ்சின்கள் 39 முறை, மொத்தம் 8,810 நொடிகள் எரிக்கப்பட்டிருந்தன. விதிமுறை கோரிய குறைந்த அளவு 6,350 நொடிகள்.

இந்நொடிகளுக்கிடையில் 2021 ஆகஸ்டு 12 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் தோல்வியுற்றதை நினைவுகூர வேண்டும். அதன் மேல்நிலை கிரையோஜெனிக் எஞ்சின் வேறு வகையினது. எனினும் அன்று இழந்தது ஒரு செயற்கைக்கோள் மட்டுமே. அதே நிகழ்வு மனிதர் பயணத்தில் நிகழ்ந்தால் விளைவு வேறு. 2023 அக்டோபர் 21 அன்று பறப்பின் நடுவே தப்பிக்கும் முறையைச் சோதித்த டிவி-டி1 பறப்பு, ஏவுவதற்கு 5 நொடிகள் இருந்தபோது கணினியால் நிறுத்தப்பட்டுப் பின்னரே தொடர்ந்தது. கடலில் இறங்கிய கலம் தலைகீழாக மிதந்தது. ஆளில்லாச் சோதனையில் தலைகீழாகக் கிடைத்த கலம் ஒரு பொறியியல் குறிப்பு. ஆளுள்ள பயணத்தில் அது உயிர்ச்சிக்கல். நாள் தள்ளிப்போவதன் பொருள் இத்தகைய குறிப்புகளில் அடங்கியுள்ளது.

திருப்பூரின் ஏற்றுமதித் தையற்கூடங்களில் இதற்கு இணையான நடைமுறை உண்டு. தையல் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளும் தேடியெடுக்கப்பட்டு, பதிவேட்டில் ஒட்டப்பட்டு, நாளும் இயந்திர எண்ணும் குறிக்கப்பட்ட பின்னரே புதிய ஊசி தரப்படும். ஒரு துண்டு கிடைக்காவிடினும் அருகிலுள்ள ஆடைகள் தடுத்து நிறுத்தப்பட்டு ஊசி கண்டறியும் இயந்திரத்தில் செலுத்தப்படும். தைப்பவருக்கு இது நேர இழப்பு, வரிசை தாமதப்படும். அந்நேரத்தின் கூலி ஆடையின் விலையில் சேர்கிறது. எங்கோ ஓர் ஊரில் குழந்தையின் உடலில் குத்தக்கூடிய ஊசித்துண்டின் விலை இவ்வாறு முன்கூட்டியே எழுதப்படுகிறது.

இவ்வொப்புமை வெறும் உருவகமன்று. அப்பல்லோ பயணிகளின் விண்ணாடையைத் தயாரித்தது, பிளேடெக்ஸ் என்னும் பெயரில் மகளிர் உள்ளாடைகளை விற்ற இன்டர்நேஷனல் லேட்டக்ஸ் நிறுவனத்தின் டோவர் பிரிவு. உள்ளாடை தைத்துப் பழகிய பெண்களே, தையல் இயந்திரங்களில், இருபதுக்கும் மேற்பட்ட அடுக்குகள் கொண்ட அவ்வாடையைத் தைத்தனர். மறந்து விடப்பட்ட குண்டூசி ஒன்று காற்றழுத்தப் பையைத் துளைத்துவிடலாம் என்பதால் ஆடைகள் ஊடுகதிர் கொண்டு ஆராயப்பட்டன. 1967 ஜனவரி 27 அன்று தரைச் சோதனையின்போது அப்பல்லோ 1 கலத்தில் தீப்பற்றி மூவர் மாண்டபின், ஆடையின் வெளியடுக்கில் எளிதில் எரியாத கண்ணாடியிழைத் துணி புகுத்தப்பட்டது. எழுதப்படாதிருந்த ஒரு வரியை மூன்று உயிர்கள் எழுதின.

ஆக்சியம்-4 பயணம் இவ்வொழுங்கின் அண்மைச் சான்று. 2025 ஜூன் 11க்குக் குறிக்கப்பட்டிருந்த ஏவுதல், ஃபால்கன் 9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு கண்டறியப்பட்டதால் நிறுத்தப்பட்டது. கசிவு முழுமையாகச் சரிசெய்யப்பட வேண்டும் என இந்தியக் குழு வலியுறுத்தியதை இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் பின்னர் பொதுவெளியில் எடுத்துரைத்தார். 1986இல் அமெரிக்காவில் நாள் எச்சரிக்கையை வென்றது. 2025இல் எச்சரிக்கை நாளை வென்றது.

6. மனிதரா, கருவியா?

மனிதர் செல்வதை ஆதரிப்போர் அறிவியல் பயனை முன்வைப்பர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. அப்பல்லோ பயணிகள் 12 பேர் நிலவில் நடந்து 382 கிலோ பாறையும் மண்ணும் கொண்டுவந்தனர். அதே காலத்தின் சோவியத் ஆளில்லா லூனா கலங்கள் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது ஏறத்தாழ 300 கிராம். களத்தில் நின்று தேர்ந்தெடுக்கும் மனிதக் கண்ணுக்கு ஈடான கருவி அன்று இல்லை.

ஆனால் அவ்விடைவெளி சுருங்கி வருகிறது. சீனாவின் சாங்கே-5 கலம் 2020இல் ஆளின்றி 1,731 கிராம் நிலவு மண் கொணர்ந்தது. சந்திரயான்-1 சுமந்த கருவிகள் நிலவில் நீர் மூலக்கூறுகளின் இருப்பை மெய்ப்பித்தன. அதற்கு எவரும் உயிரைப் பணயம் வைக்கவில்லை. சந்திரயான் ஊர்திகளைப் பழக்கும் செயற்கை நிலவு மண்ணுக்கு, கொங்குப் பகுதியைச் சேர்ந்த நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறை மூலப்பொருளானது. இப்பணிகளில் தமிழ்நாட்டின் பங்கு மிகப் பெரிது. மனித விண்பயணம் இன்றியும் அது நிகழ்ந்தது.

எனவே ககன்யானை அறிவியல் பயனால் மட்டும் நியாயப்படுத்த இயலாது. அதன் உண்மையான பயன் வேறு: உயிர்காப்பு அமைப்புகள், நம்பகமான ராக்கெட்டு, பிழையைப் பொறுக்காத சோதனை ஒழுங்கு ஆகியவற்றை நாடு சொந்தமாகப் பெறுதல். ராகேஷ் சர்மா காலத்தில் பிறர் ஏட்டில் இருந்த இடர்க்கணக்கை இந்தியா தன் ஏட்டில் எழுதக் கற்கிறது. சாராபாயின் தேர்வில் இதற்கு நேரடி வெற்றி இல்லை. ஆயினும் ஆளில்லா ஏவுதல்களுக்கும் இவ்வொழுங்கு கடத்தப்படுமாயின் மறைமுக வெற்றி உண்டு.

முடிவுரை

மனித விண்பயணம் செலவுக்கும் இடருக்கும் தகுமா என்னும் வினாவுக்கு இந்திய வரலாறு கட்டுப்பாடுகளோடு கூடிய விடையையே தருகிறது. பணத்தின் அளவு மட்டும் திட்டத்தை வீழ்த்தவில்லை. பெருமிதம் மட்டும் அதை நிறுத்திக் காக்கவும் இல்லை. மூன்று நிபந்தனைகள் நிறைவேறும் வரையில்தான் அது தகுதியுடையது. முதலாவது, புயல் எச்சரிக்கை, வேளாண்மை, மீன்வளம் முதலிய பயன்பாட்டுப் பணிகளின் நிதியும் ஆளும் குறையாமை. இரண்டாவது, கருவியால் இயலும் பணிக்கு மனிதரை அனுப்பாமை. இன்சாட்-1சி இதற்கு நிலைத்த சான்று. மூன்றாவது, அறிவிக்கப்பட்ட நாள் சோதனை முடிவுக்குக் கட்டுப்படுதல்.

மூன்றாம் நிபந்தனையே எளிதில் மீறப்படுவது. நொய்யலின் உழவர்களுக்கு நீதிமன்றம் இருந்தது. விடுபட்ட வரியை எழுதச் செய்ய அவர்களால் இயன்றது. ககன்யானுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வர், அவர்களுள் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர், கலத்தில் அமர்ந்தபின் அத்தகைய வாய்ப்பைப் பெறுவதில்லை. அவர்களுக்காக முன்கூட்டியே கேள்வி கேட்பதற்கு, சோதனை முடிவுகளும் தோல்வி அறிக்கைகளும் பொதுமக்களும் ஆய்வாளரும் காணும்படி வெளியிடப்பட வேண்டும். அறிவித்த நாளை ஒட்டி ஏவுவதா, காத்திருப்பதா என முடிவெடுக்கும் குழு, நாளை அறிவித்தவர்களின் அழுத்தத்திலிருந்து விடுபட்டிருக்க வேண்டும்.

2022 என்றது 2027 ஆனது. 9,023 கோடி என்றது 20,193 கோடி ஆனது. இவற்றுள் எப்பகுதி திட்ட விரிவாக்கம், எப்பகுதி வீண், எப்பகுதி உயிர்காப்பின் விலை எனப் பிரித்துக்காட்டுவது இனிவரும் ஆய்வுகளின் கடமையாகும். அப்பிரிப்பு நிகழாதவரை, தாமதத்தைத் தோல்வி எனவும் விரைவை வெற்றி எனவும் எண்ணும் பழக்கம் தொடரும். அது 1986 ஜனவரி இரவில் பொறியாளர்களின் எச்சரிக்கையை ஒதுக்கிய அதே எண்ணமாகும்.